காட்டுப் பாதைக்கு இரண்டாவது வண்டி: முதலில் கால் எட்டட்டும்

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 41. ஈசூனில் இருக்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. என்னிடம் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் இருக்கிறது. ஜொகூரில் நண்பர் வீட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மோட்டோகிராஸ் டிராக்கில் அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கூட்டாளிகள் எல்லாரும் இப்போது கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டம், அதை ஒட்டிய காட்டு வழி என்று போக ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே என் வண்டி படுத்துகிறது. ரேடியேட்டர் கொதிக்கிறது, குறுகலான திருப்பத்தில் இன்ஜின் அணைந்துவிடுகிறது, மத்தியானத்துக்குள் கை ஓய்ந்துபோகிறது. இரண்டாவதாக ஒரு வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். கேடிஎம் 300 டூ ஸ்ட்ரோக் எடு என்கிறார் ஒருவர், 250 ஃபோர் ஸ்ட்ரோக் போதும் என்கிறார் இன்னொருவர், பாறை, மரக்கட்டை மேலெல்லாம் மெதுவாக ஏறும் டிரையல்ஸ் வண்டிதான் சரி என்கிறார் மூன்றாமவர். பழைய வண்டிதான் எனக்குக் கட்டுப்படியாகும். எதை எடுப்பது? 450-ஐ விற்றுவிடலாமா?

பதில்:

தம்பி, உயரத்தையும் எடையையும் எழுதியதற்கு நன்றி. பட்டறைக்கு வந்து கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லவே மாட்டார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்றுதான் பேச்சு ஓடும். காட்டு வழிக்கு வண்டி பார்க்கும்போது நான் முதலில் கேட்பது கால் தரைக்கு எட்டுகிறதா என்று. அடுத்தது, முதல் கியரில் மனிதன் நடக்கிற வேகத்துக்கு அது அடங்கி வருகிறதா என்று. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

உங்கள் 450 ஏன் படுத்துகிறது என்று புரிந்துகொண்டால் அடுத்த வண்டியில் எதைத் தேட வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும். அது மண்மேடுகளில் குதித்து வேகமாக ஓடும் மோட்டோகிராஸ் டிராக்குக்காகக் கட்டிய வண்டி. ரேடியேட்டருக்கு விசிறி கிடையாது, எதிர்க்காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. மரங்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது காற்று எங்கிருந்து வரும்? கொதிக்கத்தான் செய்யும். முதல் கியரும் வேகத்துக்கென்று அமைத்தது. நடைவேகத்தில் போக வேண்டுமென்றால் விடாமல் அரைக் கிளட்சில் பிடித்தபடியே போக வேண்டும். கிளட்சும் சூடாகும், இடது கையும் ஓயும். சட்டென்று சீற வேண்டும் என்பதற்காக இன்ஜினுக்குள் சுழலும் பாகங்களை லேசாக வைத்திருக்கிறார்கள். அதனால்தான் திருப்பத்தில் திராட்டிலை விட்டதும் பொசுக்கென்று அணைகிறது. சஸ்பென்ஷனும் உயரத்திலிருந்து குதித்து இறங்குவதற்கென்று இறுக்கி வைத்தது. ஈரமான வேரின் மேல் மெதுவாக ஏறும்போது அது அமுங்குவதில்லை, பக்கவாட்டில் தட்டிவிடுகிறது. பின் சக்கரம் 19 அங்குலம். அதில் டயரின் பக்கச் சுவர் குட்டை, காற்றைக் குறைத்தாலும் கல்லை அணைத்துப் பிடிக்க இடம் போதாது. காட்டு வழிக்கென்று கட்டும் எண்டியூரோ வண்டிகளில் 18 அங்குலம் வைப்பது இதற்காகத்தான்.

ஆக, வண்டியிலும் பழுது இல்லை, உங்கள் ஓட்டத்திலும் பெரிய குறை இல்லை. இடம் மாறிவிட்டது.

அந்த இடத்தையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே வெட்டிப் போட்ட மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே கிடப்பது காய்ந்து சரசரக்கும், அடியில் கிடப்பது அழுகி வழுக்கும். மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள். அதைத் தாண்டினால் வடிகால் பள்ளம். முன் சக்கரம் மட்டையில் ஏறியதும் நழுவும். உடனே ஒரு காலை ஊன்ற வேண்டும். ஊன்றுகிற இடத்தில் செம்மண் களி, அல்லது தரையே இருக்காது, பள்ளத்தின் விளிம்பாக இருக்கும். கால் நுனி மட்டும் படுகிறவருக்கு அங்கேயே சமநிலை போய்விடும். 110 கிலோ வண்டி, அதோடு மட்கார்டுக்கு அடியிலும் செயினைச் சுற்றியும் அப்பிய களிமண், எல்லாமாகச் சேர்ந்து சாயும். அதைத் தூக்கி நிறுத்த வேண்டும், நியூட்ரல் தேட வேண்டும், ஸ்டார்ட் செய்ய வேண்டும், அப்புறம் சக்கரம் சுழன்று குழி பறிக்காமல் மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு காலை நேரத்தில் இதையே பல தடவை செய்வீர்கள். உங்கள் கை மத்தியானத்துக்குள் ஓய்வது வண்டி ஓட்டுவதால் மட்டும் இல்லை, தூக்கித் தூக்கி நிறுத்துவதாலும்தான். இரண்டாவது வண்டியை அந்தப் பள்ளத்தை மனதில் வைத்துத் தேடுங்கள்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றையும் பார்ப்போம்.

டிரையல்ஸ் வண்டி எடு என்றவர் விவரம் தெரிந்தவர்தான். எடை 70 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், எதன் மேலும் ஏறும். ஆஸ்திரியாவில் இரும்புச் சுரங்கம் ஒன்றில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் ரோடியோ பந்தயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஐந்து ஐந்து தடவை வென்ற டாடி பிளசூசியாக், கிரஹாம் ஜார்விஸ் இருவருமே டிரையல்ஸ் பழகி வந்தவர்கள். ஆனால் அந்த வண்டியில் உட்கார இருக்கை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பெட்ரோல் டாங்கி பெரும்பாலும் 3 லிட்டருக்கும் குறைவு. தோட்டத்துச் செம்மண் சாலையில் பல கிலோமீட்டர் போய்த்தான் காட்டு வழியே ஆரம்பிக்கிறது. அவ்வளவு தூரம் நின்றபடியே போய், கூட்டாளிகளிடம் பெட்ரோல் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். டிரையல்ஸ் பழகுங்கள், மிகவும் நல்லது, அதற்கு யாராவது வைத்திருக்கும் வண்டியில் பழகினால் போதும். சொந்தமாக வாங்கும் இரண்டாவது வண்டி அதுவாக இருக்க வேண்டாம்.

250 ஃபோர் ஸ்ட்ரோக் எண்டியூரோ வண்டி இனிமையான வண்டி. இறக்கத்தில் திராட்டிலை விட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்தும், அது பெரிய தைரியம். ஆனால் பலம் வர அதன் இன்ஜின் வேகமாகச் சுழல வேண்டும். கீழ்ச் சுழற்சியில் வேரில் முட்டி நின்றால் பலம் போதாமல் அணைந்துவிடும். நீங்கள் இப்போது எதற்காக அலுத்துக்கொள்கிறீர்களோ அதில் கொஞ்சம் அங்கேயும் மிச்சம் இருக்கும். நீங்கள் கேட்காத ஒரு வகையும் உண்டு: ஹோண்டா சிஆர்எஃப்300எல், கவாசாகி கேஎல்எக்ஸ்230 போன்றவை. இருக்கை தாழ்வு, பராமரிப்பு குறைவு, நம்பிப் போகலாம். ஆனால் சிஆர்எஃப்300எல் சுமார் 140 கிலோ. பள்ளத்திலிருந்து அதை இழுக்க உங்களுக்கு ஓர் ஆள் துணை வேண்டும்.

என் பதில் 300 டூ ஸ்ட்ரோக். 300 என்றதும் பயப்படாதீர்கள். டிராக்கில் ஓடும் 250 டூ ஸ்ட்ரோக்கின் சீற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போடக்கூடாது. கேடிஎம் 300 இஎக்ஸ்சி 293 சிசி, அடிச் சுழற்சியிலேயே இழுக்கும். இரண்டாம் கியரில் போட்டு, திராட்டிலைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் டக் டக் என்று மேட்டில் ஏறிக்கொண்டே போகும். அணைந்தாலும் பொத்தானைத் தொட்டதும் எழுந்துகொள்ளும். தண்ணீருக்குள் விழுந்தாலும் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிக் கிளப்புவது எளிது. பிஸ்டன் மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஜார்விஸ் 2018-லும் 2019-லும் எர்ஸ்பெர்க்கில் வென்றது ஹஸ்க்வர்னா 300 டூ ஸ்ட்ரோக்கில்தான். ஒன்றே ஒன்றுக்குப் பழக வேண்டும்: இறக்கத்தில் இன்ஜின் பிடிக்காது. முதல் சில வாரம் பிரேக்கை நம்பி இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள், பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிவிடாமல்.

சரி, எந்த 300? உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் நான் முதலில் தேடச் சொல்வது பீட்டா எக்ஸ்டிரெய்னர் 300. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பக்கம் செய்கிறார்கள், 2015 முதல் வருகிறது. இருக்கை உயரம் 910 மி.மீ. கேடிஎம் 300 இஎக்ஸ்சியில் அது 960-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். 168 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு அது கால் நுனி படுவதற்கும் பாதம் படுவதற்கும் உள்ள வித்தியாசம். இன்ஜினையும் சாந்தமாக அமைத்திருக்கிறார்கள். ஆயில் தனி டாங்கியில் ஊற்றினால் போதும், பெட்ரோலில் கலந்துகொண்டு நிற்க வேண்டாம். சஸ்பென்ஷன் மென்மையானது, 66 கிலோவுக்குப் பெரிய மாற்றம் தேவைப்படாது. வேகமாக ஓட்டிக் குதித்தால் தட்டும் என்று குறை சொல்வார்கள். உண்மைதான். குதிப்பதற்கு உங்களிடம் 450 இருக்கிறது.

எக்ஸ்டிரெய்னர் நல்ல நிலையில் கிடைக்கவில்லையென்றால் கேடிஎம் 300 இஎக்ஸ்சி, ஹஸ்க்வர்னா டிஇ 300, பீட்டா 300 ஆர்ஆர் என்று பாருங்கள். கேடிஎம்மில் 2017 மாடலோ அதற்குப் பிந்தியதோ எடுங்கள். அந்த ஆண்டு புது இன்ஜின் வந்தது, அதிர்வைக் குறைக்க பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தார்கள். கை ஓய்கிறது என்கிறீர்கள், உங்களுக்கு அது முக்கியம். 2018 மாடலிலிருந்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, ஆயிலும் தானாகக் கலக்கும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கையால் கலக்க வேண்டும். 60-க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 83 மில்லி. இன்னொன்று, ஐரோப்பாவின் குளிர்காற்றுக்கு அமைத்த ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை) இங்கே ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் கருத்துப்போகும். நம் வெக்கைக்கு ஜெட்டைச் சின்னதாக மாற்றிக்கொள்ள வேண்டும். அது அரை மணி நேர வேலை.

இந்த உயரமான வண்டிகளை எடுத்தால் ஸ்பிரிங் மாற்றுவதற்கான பணத்தையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். கேடிஎம் இஎக்ஸ்சி கடையிலிருந்து வரும்போதே 75 முதல் 85 கிலோ ஆளுக்கு என்று அமைத்துத்தான் வருகிறது. 66 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் அது போதுமான அளவு அமுங்காது. இருக்கை இன்னும் உயரமாகத் தெரியும், வேரில் தட்டும், நீங்கள் வண்டியைக் குறை சொல்வீர்கள். பூட்ஸ், ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு உட்காரும்போது பின்பக்கம் 100 முதல் 110 மி.மீ. வரை இறங்க வேண்டும். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஒருமுறை, நீங்கள் ஏறி உட்கார்ந்து ஒருமுறை, பின் மட்கார்டுக்கும் சக்கர அச்சுக்கும் நடுவே ஒருவர் டேப் பிடித்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வண்டியைத் தாழ்த்துகிறேன் என்று லிங்க் (பின் ஷாக்கோடு சேரும் இணைப்புக் கை) மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. கேடிஎம் இஎக்ஸ்சிக்கு லிங்கே கிடையாது, ஷாக்குக்குள்தான் வேலை செய்ய வேண்டும். தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள். என்னைக் கேட்டால் புது எக்ஸாஸ்டுக்கும் ஸ்டிக்கருக்கும் போடும் பணத்தை ஸ்பிரிங்கில் போடுங்கள். வேறு எந்த மாற்றமும் இந்த அளவுக்குக் கையையும் முதுகையும் காப்பாற்றாது.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது பூட்ஸையும் எடுத்துப் போங்கள். செருப்போடு உட்கார்ந்து பார்த்தால் கால் எட்டுவது சரியாகத் தெரியாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ச் சேருங்கள். விற்பவர் முன்னமே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் கார்புரேட்டர், பேட்டரி, கம்ப்ரஷன் மூன்றின் யோக்கியதையும் தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் தூசி ஒட்டினால் பிஸ்டனும் சிலிண்டரும் மணலைத் தின்றிருக்கின்றன என்று அர்த்தம். அந்த வண்டி எவ்வளவு பளபளத்தாலும் வந்துவிடுங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள், டக்கென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. களிமண்ணில் ஓடி, அழுத்தத் தண்ணீரில் கழுவிக் கழுவி நம் பக்கத்து வண்டிகளில் முதலில் சாவது அந்தப் பேரிங்குகள்தான். அதை ஒரு காரணமாக வைத்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள். ரேடியேட்டர் ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதா, ஃபிரேமின் அடிக்குழாய் சப்பையாகியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஓடிய மணிக்கணக்கைக் கேளுங்கள், பிஸ்டன் எந்த மணியில் மாற்றினார் என்று பில்லோடு காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, விற்பவரின் அனுமதியோடு வண்டியை மெல்லப் படுக்கப் போட்டுவிட்டு நீங்களே தனியாகத் தூக்குங்கள். அப்புறம் இன்ஜினைக் கிளப்பி, முதல் கியரில் போட்டு, பக்கத்தில் நடந்தபடியே ஒரு சின்ன மேட்டில் ஏற்றுங்கள். மூச்சு வாங்காமல் இது முடிந்தால் அந்த வண்டி உங்களுக்குப் பொருந்தும். முடியவில்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

டயருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மென்மையான ரப்பர், அகல இடைவெளி உள்ள கட்டைகள், தடித்த டியூப், 10 பிஎஸ்ஐ சுற்றளவில் காற்று. டிரையல்ஸ் டயர் கல்லில் அருமையாகப் பிடிக்கும், ஆனால் ஜொகூர் களிமண் அதன் சந்துகளை அடைத்துவிடும். அப்புறம் அது மொட்டை டயர்தான். கைக்காப்பு, அடித்தகடு, ரேடியேட்டர் காப்பு மூன்றும் முதல் நாளே போட்டுவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி இல்லாத வண்டியாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவு இல்லாத வண்டியை ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, பொதுச்சாலையில் உருட்டக்கூடாது. அடுத்த தோட்டம் சாலையைக் கடந்தால் வந்துவிடும் என்பதெல்லாம் காரணம் ஆகாது, பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள். சிங்கப்பூரில் சாலைக்குப் பதிந்து எடுக்கலாம் என்று நினைத்தால் சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். மோட்டார்சைக்கிளுக்கான சிஓஇ 2022-ல் 12,000 வெள்ளியையும் தாண்டிப் போனது நினைவிருக்கும். காட்டுக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கு அது கட்டுப்படி ஆகாது. இங்கே செஸ்ட்நட், புக்கிட் தீமா பாதைகள் மிதிவண்டிக்காரர்களுக்கானவை, இன்ஜின் வண்டிக்கு இடமில்லை. அதனால் புது வண்டியையும் ஜொகூரிலேயே வாங்கி அங்கேயே வைப்பதுதான் வசதி. பாலம் கடந்து கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு பக்கச் சுங்கத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வாங்குங்கள். பழம் அறுக்கிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள், அவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். பயணக் காப்புறுதியில் கரடுமுரடுப் பாதையில் மோட்டார்சைக்கிள் ஓட்டுவதைப் பல இடங்களில் விலக்கி வைத்திருப்பார்கள். உங்களுடையதை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

450-ஐ விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிராக்குக்கு இன்னும் ஆசையாகப் போகிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், விற்றால் அந்த வண்டிக்கு ஏங்குவீர்கள். ஆறு மாதமாக டிராக் பக்கமே போகவில்லையென்றால் விற்று அந்தப் பணத்தில் நல்ல நிலையில் உள்ள 300 எடுங்கள். இரண்டு வண்டிக்கும் அரைகுறையாகச் செலவு செய்வதைவிட அது நல்லது. ஆனால் இரண்டில் எது செய்தாலும் அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். 450-இல் செயின் ஓடும் முன் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைவானதாக மாற்றுங்கள். முன்னே ஒரு பல் குறைப்பது பின்னே ஏறக்குறைய நான்கு பல் கூட்டுவதற்குச் சமம். சஸ்பென்ஷன் அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் திருகை முன்னும் பின்னும் சில கிளிக் தளர்த்துங்கள். டயர் காற்றை இறக்குங்கள். அதோடு ஒருநாள் கூட்டாளிகளோடு போய் வாருங்கள். வண்டி கொஞ்சம் சாந்தமாகும். எந்தத் தொல்லை குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்று குறித்து எழுதி அனுப்புங்கள். அதோடு உங்கள் உள்கால் நீளத்தையும் பூட்ஸ் போட்டு அளந்து எழுதுங்கள், எத்தனை மி.மீ. தாழ்த்த வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன்.